உங்களுக்குத் தெரியுமா? ஷெல்லைத் தொடங்கிய மார்கஸ் சாமுவேல்

● ஷெல் பெட்ரோல் பங்க்கில் தொங்கும் சிப்பிச் சின்னத்துக்குப் பின்னால் ஒரு அப்பாவின் வியாபாரம் இருக்கிறது. மார்கஸ் சாமுவேல் 1853 நவம்பர் 5 அன்று லண்டன் வைட்சேப்பலில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா, கிழக்கு நாடுகளிலிருந்து கப்பலில் வந்திறங்கும் சிப்பிகளை வாங்கி, அவற்றை ஒட்டி அலங்கரித்த சின்னப் பெட்டிகளை விற்றவர். கடற்கரைக்கு உல்லாசமாக வருகிறவர்கள் அவற்றை ஊருக்கு வாங்கிப் போவார்கள். 1897இல் எண்ணெய்க் கம்பெனி தொடங்கிய மகன் அதற்கு 'ஷெல்' என்றே பெயர் வைத்தார். கப்பல்களுக்கும் சிப்பி, சங்கு வகைகளின் பெயர்கள்தான்: மியூரெக்ஸ், கான்ச், கிளாம், டர்போ.

● இளவயதிலேயே அவர் கிழக்கே கப்பலேறிவிட்டார். இலங்கை, சயாம், ஜப்பான் என்று துறைமுகம் துறைமுகமாகப் போய், எந்த ஊரில் எந்தச் சரக்கு விலைபோகும் என்று நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டார். 1890இல் காகசஸ் பக்கம் போனபோது, ரஷ்ய மண்ணெண்ணெயைக் கப்பலின் வயிற்றிலேயே ஊற்றிக் கொண்டுபோவதைக் கண்டார். அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட பயணம் அது.

● அதுவரை ஆசியாவுக்கு மண்ணெண்ணெய் எப்படி வந்தது? ராக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி, தகர டின்களில் அடைத்து, இரண்டிரண்டாக மரப்பெட்டியில் வைத்து அனுப்பியது. டின்னுக்கும் பெட்டிக்கும் ஆகும் செலவு எண்ணெய் விலையில் ஏறியது. மொத்தமாகத் தொட்டிக் கப்பலில் கொண்டுவந்தால் மலிவாகும், அதுவும் சூயஸ் கால்வாய் வழியே வந்தால் தூரமும் குறையும். ஆனால் தீப்பிடிக்கும் பயத்தால் எண்ணெய்த் தொட்டிக் கப்பலைக் கால்வாய்க்குள் விடவே இல்லை. சாமுவேல் கப்பல் பொறியாளர் ஒருவரைப் பிடித்து, கால்வாய்க் கம்பெனி கேட்ட பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பவே புதுக் கப்பலை வடிவமைக்கச் சொன்னார். வெப்பத்தில் எண்ணெய் விரிந்தாலும் தொட்டி தாங்கும். எண்ணெயை இறக்கியபின் நீராவியால் கழுவினால், திரும்பும்போது அரிசி, சர்க்கரைகூட ஏற்றலாம். 1892 ஆகஸ்ட் 24 அன்று மியூரெக்ஸ் சூயஸைக் கடந்து சிங்கப்பூரை நோக்கிப் போனது. எண்ணெய் வியாபார வரலாற்றில் இதற்கு இணையான நாட்கள் அதிகமில்லை.

● மலிவான எண்ணெய் வந்தும் சனங்கள் வாங்கவில்லை! காரணம், டின். மக்கள் வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவந்து எண்ணெய் பிடித்துப்போவார்கள் என்று சாமுவேல் கணக்குப் போட்டிருந்தார். அவர்களோ ஸ்டாண்டர்டின் நீல டின்னோடுதான் எண்ணெய் கேட்டார்கள். காலி டின்னை வெட்டிக் கூரை வேய்ந்தார்கள், கிண்ணமும் குவளையும் செய்தார்கள். நம் ஊரிலும் மண்ணெண்ணெய் டின்னுக்குக் கைப்பிடி கட்டித் தண்ணீர் சுமந்த காலம் இருந்ததே! விஷயம் தெரிந்ததும் சாமுவேல் தகரத் தகடுகளைக் கப்பலில் அனுப்பி, அந்தந்த ஊரிலேயே டின் அடிக்க ஏற்பாடு செய்தார். பளிச்சென்ற சிவப்பு நிறத்தில். நெடுந்தூரம் அடிபட்டு வந்த நீல டின்னுக்குப் பக்கத்தில், அடித்த சூட்டோடு கடைக்கு வந்த சிவப்பு டின் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். குடிசைக்காரரின் தேவைக்கு ஏற்பத் தன் கணக்கையே மாற்றிக்கொண்ட அந்த மனசுதான் அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது.

● அவருடைய கான்ச் கப்பல் சென்னைக்கு மண்ணெண்ணெய் கொண்டுவரும் வழியில், 1903 ஜூனில் இலங்கையின் தென்மேற்குக் கரையருகே பாறையில் மோதி மூழ்கியது. ஹிக்கடுவைக்கு அருகே கடலடியில் இன்றும் கிடக்கிறது. நீர்மூழ்குவோர் போய்ப் பார்த்து வருகிறார்கள்.

● தம்பியின் பெயர் சாமுவேல் சாமுவேல். அச்சுப்பிழை இல்லை, பெயரும் குடும்பப் பெயரும் ஒன்றே. பல வருடம் ஜப்பானில் இருந்து வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டவர். லண்டன் அலுவலகத்தில் அண்ணனும் தம்பியும் ஜன்னலோரம் தோளில் கைபோட்டு நின்று ரகசியம் பேசுவார்கள். திடீரென்று பிரிந்து, முட்டாள், மடையன் என்று ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். தம்பி கத்துவார், அண்ணன் தாழ்ந்த குரலிலேயே திட்டுவார். சற்று நேரத்தில் மறுபடி ஒன்றாகிவிடுவார்கள். பிறகு யார் டெலிபோனில் பேசுவது என்பதில் 'நீ பேசு, நீ பேசு' நடக்கும்.

● போர்னியோவில் எண்ணெய் தேட அவர் அனுப்பியது, அந்தத் தொழிலில் முன்அனுபவமே இல்லாத அக்கா மகன் மார்க் ஆபிரகாம்ஸை. காட்டிலும் சேற்றிலும் அவதிப்பட்டு, 1897இல் மார்க் எண்ணெயைக் கண்டும் பிடித்தார்.

● சூயஸ் கால்வாய் அருகே தரைதட்டிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'விக்டோரியஸை' இழுத்து மீட்க உதவியதற்காக, 1898இல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

● 1902இல் லண்டன் நகரின் லார்டு மேயரானார். பதவியேற்பு ஊர்வலத்தைக் கிழக்கு லண்டனின் யூதர் குடியிருப்பு வழியே போகச் செய்தார். ருமேனியாவில் யூதர்கள் கொடுமைப்படுத்தப்பட்டதைக் கண்டித்து, அந்த நாட்டுத் தூதரை விருந்துக்கு அழைக்க மறுத்தார். இந்தப் பெருமைக்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. மேயர் கடமைகளில் மூழ்கியிருந்தபோது கம்பெனி ஆட்டம் கண்டது. 1907இல் ஹென்றி டெட்டர்டிங்கின் ராயல் டச்சு எண்ணெய்க் கம்பெனியுடன் இணைந்தபோது, 60 பங்கு அவர்களுக்கு, 40 பங்குதான் ஷெல்லுக்கு. அன்றுமுதல் கடிவாளம் டெட்டர்டிங் கையில். நிர்வாகத் திறமையில் டெட்டர்டிங் ஒரு படி மேல்தான், மறுக்க முடியாது. ஆனால் பாதை போட்டவர் சாமுவேல்.

● முதல் உலகப் போரில் வெடிமருந்து செய்யத் தேவையான டொலுவீன், போர்னியோ எண்ணெயிலிருந்து கிடைத்தது. அதைப் பிரித்தெடுக்கும் ஆலையோ ஹாலந்தின் ராட்டர்டாமில் இருந்தது. 1915 ஜனவரியில் ஆலையையே பகுதி பகுதியாகக் கழற்றி, இரவோடு இரவாகக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து நிறுவினார்கள். 1916இல் மத்தியதரைக் கடலில் முதல் கப்பல் மியூரெக்ஸ் நீர்மூழ்கித் தாக்குதலில் மூழ்கியது.

● அந்தப் போர் அவர் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. இளைய மகன் ஜெரால்டு, கிழக்கு லண்டன் ஏழைச் சிறுவர்களுக்காக உழைத்தவர், 1917இல் போர்முனையில் இறந்தார். 1921இல் தகப்பனுக்குப் பிரபுப் பட்டம் வந்தது. கம்பெனித் தலைமை மூத்த மகன் வால்டருக்குப் போனது.

● மனைவி ஃபேனியை 1881இல் மணந்தார். 1927 ஜனவரியில் இருவருமே நோயில் படுத்தார்கள். ஃபேனி இறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, ஜனவரி 17 அன்று மார்கஸும் இறந்தார்.

● கென்ட் மாவட்டத்தின் மெய்ட்ஸ்டோனில் அவர் குடும்பத்தோடு வாழ்ந்த மோட் தோட்டம், அவர் மறைவுக்குப் பின் ஊருக்குச் சொந்தமான பூங்காவாகிவிட்டது. லண்டனில் பிள்ளைகள் இருக்கும் வாசகர்கள் அங்கே போகும்போது ஒருநாள் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். உள்ளே போகக் கட்டணம் கிடையாது.