யாரை நம்பி ஒப்படைப்பது?

கணிப்பொறித் துறையில் தொழில் தொடங்க விரும்பிய இளைஞர் ஒருவர் ஆசி பெற வந்தார். அவருக்காகத் தந்தையார் நிலத்தை அடகு வைத்திருந்தார். "சுவாமி, எண்ணம் என்னுடையது, அதைச் செய்து முடிக்கும் வித்தை எனக்குத் தெரியாது. யாரை நம்பி ஒப்படைப்பேன்?" என்று வினவினார். ஒரு குடும்பத்தின் வாழ்வே அவ்வினாவில் அடங்கியிருந்தது.

மோசேயும் கைவினைஞர் அல்லர். ஆயினும் திருக்கூடாரம் அமைக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. இறைவன் பெட்சலேலையும் ஒகொலியாபையும் பெயர் சொல்லிக் குறித்தார். அவர்களுக்குக் கைத்திறனோடு, பிறருக்குக் கற்பிக்கும் மனமும் அருளப்பட்டது. காணிக்கைகள் தேவைக்கு மேல் குவிந்தபோது, வேலை செய்தவர்களே அதனை மோசேயிடம் அறிவித்தனர். அவரும் உடனே காணிக்கையை நிறுத்தச் செய்தார். "போதும்" என்று உண்மை கூறும் தொழிலாளியும், அதற்குச் செவிசாய்க்கும் தலைவனும் ஒருங்கே அமைவது பெரும்பேறு.

வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே தொழிற்சாலை நடத்திய மேத்யூ போல்ட்டன், ஜேம்ஸ் வாட்டை 1775-இல் பங்காளியாக்கிக் கொண்டார். வாட் 1769-இலேயே நீராவி இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றவர், அறிவுக்கூர்மை மிக்கவர், ஆனால் எளிதில் மனம் தளர்பவர், பேரம் பேசுவதை வெறுப்பவர். எனவே வாணிபச் சுமையைப் போல்ட்டன் தாமே ஏற்றார். இயந்திரத்திற்குத் துல்லியமான உருளை தேவைப்பட்டபோது, பீரங்கி குடையும் பொறியை 1774-இல் அமைத்த ஜான் வில்கின்சனை நாடினர். தங்கள் இயந்திரத்தால் மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கையே கட்டணமாகக் கேட்டனர். அவ்விருவரின் கூட்டு 1800 வரை, 25 ஆண்டுகள் நீடித்தது.

அவ்விளைஞருக்கு யாம் கூறியது இதுவே: "தம்பி, முதலில் சிறு வேலையொன்றைக் கொடுத்துப் பார். அவர்கள் முன்பு யாருக்கு உழைத்தார்களோ அவர்களிடம் விசாரி. கூலியும் பங்கும் எழுத்தில் இருக்கட்டும். முடிந்த வேலையைக் கண்டபின் பகுதி பகுதியாகப் பணம் கொடு. செய்து முடித்தவையும் கடவுச்சொற்களும் உன் நிறுவனத்தின் கையில் இருக்கட்டும். விளங்காததை வெட்கமின்றிக் கேள். உன் அவசரத்திற்காக அவர்களது ஞாயிற்றுக்கிழமையைப் பறிக்காதே."

வேலை முற்றுப்பெற்றபோது மோசே அனைத்தையும் பார்வையிட்டார். கட்டளைப்படியே செய்யப்பட்டிருக்கக் கண்டு, செய்தோரை ஆசீர்வதித்தார். பரிசோதிக்கும் கண்ணும் ஆசி கூறும் நாவும் தொழில் நடத்துவோர்க்கு ஒருங்கே வேண்டும்.