தக்கோலத்தில் அம்பு தவறியிருந்தால்

நடந்த போரின் முடிவை மாற்றி எழுதும் கதைகளை நீங்கள் விரும்பிப் படிக்கிறீர்கள். காலயந்திரத்தில் ஏறிப் பழைய போர்க்களத்தில் இறங்கும் வீரனைப் பற்றியவை ஒரு வகை. குறி தவறிய ஒரேயொரு குண்டைப் பற்றியவை மற்றொரு வகை. பின்னதே உயர்ந்தது என்பேன்.

வானியல் அறிஞர் ஜயந்த் நார்லீகர் மராத்தியில் எழுதிய கதையொன்றின் ஆங்கில வடிவம் பதினோராம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றது. 1761-ஆம் ஆண்டுப் பானிப்பட்டுப் போரில் விசுவாசராவ் குண்டுபட்டு இறந்தார், மராத்தியர் தோற்றனர். கதையிலோ அக்குண்டு அவர் காதை உரசிச் செல்கிறது, மராத்தியர் வெல்கின்றனர், கும்பினியாரின் செல்வாக்குப் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகியவற்றின் சுற்றுப்புறங்களோடு நின்றுவிடுகிறது. ஆசிரியர் மாற்றியது ஒன்றே. மற்றவை காரண காரியத் தொடர்பின்படி தாமே மாறுகின்றன.

இம்முறையைச் சோழநாட்டிற்குப் பொருத்திப் பாருங்கள். 949-இல் தக்கோலத்தில், முதற் பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமீதே வீழ்ந்தான். ஆனைமங்கலச் செப்பேடு அம்புகளைக் குறிக்கிறது. ஆதகூர்க் கன்னடக் கல்வெட்டோ கங்க மன்னன் பூதுகன் அவனைக் கொன்றதாகக் கூறுகிறது. (கதாசிரியர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்!) அந்த அம்பு தவறியிருந்தால்? தொண்டைமண்டலம் கைவிட்டுப் போயிராது என்று மகிழ்வோம். ஆனால் முடி இராசாதித்தன் வழியினருக்குச் சென்றிருக்கக்கூடும். அவன் தம்பி அரிஞ்சயனின் பேரன் அரியணை ஏற இடமேது? அப்பேரனே முதலாம் இராசராசன். தஞ்சையில் நாம் அண்ணாந்து பார்க்கும் பெரிய கோயில், 1010-இல் அவன் நிறைவேற்றியது. தக்கோலத்து வெற்றியை வாங்கிக்கொண்டு அக்கோயிலைக் கொடுத்துவிட உங்களுள் எத்தனை பேர் இசைவீர்கள்?

இனி, காலயந்திர வீரன். 1889-இல் மார்க் ட்வெயின் ஓர் அமெரிக்கனை ஆர்தர் மன்னன் காலத்திற்கு அனுப்பினார். அவனுடைய நவீன ஆயுதங்கள் ஆயிரமாயிரம் வீரரைக் கொன்றன. அப்பிணங்களின் நடுவே வென்றவர்களும் சிக்கி நோயுற்றனர். பின்வந்தோர் பலர் ஆயுதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அம்முடிவை விட்டுவிட்டனர். தோட்டா தீர்ந்தபின் அவ்வீரன் என்ன செய்வான், படைக்குச் சோறு எங்கிருந்து வரும் என்பவை அவர்கள் ஏட்டில் இரா. 1781-இல் ஐதர் அலியின் படை தஞ்சைச் சீமையைச் சூறையாடிற்று. மக்களையும் மாடுகளையும் இழந்து வயல்கள் தரிசாயின. நெல்விளைவு பெரிதும் வீழ்ந்தது. ஐதரை வெல்ல ஒருவன் துப்பாக்கியோடு வருவதாக எழுதுவது எளிது. ஏர்மாடு போன ஊரில் அடுத்த நடவுக்கு அவன் யாரைக்கொண்டு உழுவான் என்று எழுதிய கதையை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.