ஒரு பகலில் ஒரு மலை



மலையேறி வந்தவர்கள் கூறும் கதைகளைக் கேட்டிருப்பீர்கள். அவை பெரும்பாலும் உச்சியிலே முடிந்துவிடும். உதயத்தைக் கண்டோம், மணியை அடித்தோம், குளிரிலே நடுங்கினோம் என்பார்கள். இறங்கி வந்த கதையை எவரும் விரித்துரைப்பதில்லை. ஆனால் நீண்டதொரு மலைநடையில் கால்கள் தளர்வதும், அடி வழுக்குவதும், தவறி விழுவதும் பெரும்பாலும் இறக்கத்திலேதான் நிகழ்கின்றன. உச்சி என்பது பயணத்தின் நடுப்பகுதி. இந்த ஒன்றை மனத்திற் கொண்டு, காலையிற் புறப்பட்டு மாலைக்குள் திரும்பும் கடினமான மலைநடைக்கு ஒருவர் எவ்வாறு ஆயத்தமாதல் வேண்டும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நம் நாட்டிலே இதற்கு முதல் உதாரணமாக நிற்பது சிவனொளிபாதமலை. அதன் உயரம் 2,243 மீற்றர். பழைய கணக்கில் 7,359 அடி. நாட்டின் மிக உயர்ந்த சிகரம் அதுவன்று. பீதுருதாலகாலை 2,524 மீற்றர் உயரமுடையது. எனினும் நெடுங்காலமாக மக்கள் கூட்டங் கூட்டமாக ஏறிவரும் மலை சிவனொளிபாதமே. சைவரும் பௌத்தரும் இஸ்லாமியரும் கிறித்தவரும் தத்தம் மரபின்படி அங்குள்ள பாதச்சுவட்டைப் போற்றுவதை நீங்கள் அறிவீர்கள்.

1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பதூதா இம்மலையில் ஏறினார். அப்பயணத்துக்கு உதவியவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. மன்னர் பல்லக்கும், வழிகாட்ட யோகிகளும், பிராமணரும், வேறு துணைவரும் அளித்ததோடு, உணவுப்பொருள் சுமப்பதற்கென்றே பதினைந்து பேரை அனுப்பினார். இன்று நம் இளைஞர் சிலர் ஒரு பிஸ்கற் பொதியும் ஒரு சிறு போத்தல் தண்ணீருமாகப் புறப்படுவதைக் காணும்போது, அந்தப் பதினைந்து பேரும் எனக்கு நினைவுக்கு வருவதுண்டு.

பதூதா வேறொரு செய்தியையும் குறித்து வைத்தார். மலைக்கு இரு பாதைகள் இருந்தன. ஒன்றுக்குத் தந்தை ஆதாமின் பெயர். மற்றொன்றுக்குத் தாய் ஏவாளின் பெயர். தந்தையின் பாதை கடினமானது. இரும்புச் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டியது. தாயின் பாதை எளிதானது. யாத்திரிகர் திரும்பிவரும் வழி. எளிய பாதையால் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே எவரும் மதிப்பதில்லையாம். மதிப்பு ஒருபுறம் இருக்கட்டும். இறங்குவதற்கு எளிய வழியை ஒதுக்கி வைத்த அக்காலத்தவர் களைத்த காலின் இயல்பை நன்கு அறிந்திருந்தனர் என்பதே என் துணிபு.

இனி, பயணத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்ற வினாவுக்கு வருவோம். பலர் தூரத்தை மட்டுமே கேட்கிறார்கள். "நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு ஆறு கிலோமீற்றர்தானே, ஒரு மணித்தியாலம் போதாதா?" என்று கேட்ட மாணவர்கள் உண்டு. மலையிலே தூரம் பாதிக் கணக்கு. உயரம் மறு பாதி. நெயிஸ்மித் என்னும் ஸ்கொத்லாந்து மலையேறி 1892இல் ஓர் எளிய விதியை வகுத்தார். மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணித்தியாலம். அதனோடு, ஏறும் ஒவ்வோர் இரண்டாயிரம் அடிக்கும் மேலும் ஒரு மணித்தியாலம். இதனை நல்லதண்ணிப் பாதைக்குப் பொருத்திப் பாருங்கள். ஆறு கிலோமீற்றர் ஏறத்தாழ நான்கு மைல். அதற்கு ஒன்றேகால் மணித்தியாலம். ஏறும் உயரம் ஆயிரம் மீற்றர் அளவில், அதாவது மூவாயிரத்து முந்நூறு அடி. அதற்கு ஒன்று முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக, மூன்று மணித்தியாலம். இது நடைப்பழக்கம் உடையவர் ஓய்வின்றி நடக்கும் கணக்கு. பழக்கமில்லாதவர் இதனை ஒன்றரை மடங்காக்கிக் கொள்ளுதல் நன்று. இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து ஏறுபவர்க்குத் தூரமும் மிகுதி, ஏறவேண்டிய உயரமும் மிகுதி. மலையடிவாரம் அங்கே பல நூறு மீற்றர் தாழ்வில் இருப்பதே அதற்குக் காரணம். அந்தப் பாதையை முதன்முறை ஏறுபவர்க்கு நான் பரிந்துரைப்பதில்லை.

விதி எங்கும் செல்லுபடியாகும் என்றும் எண்ணிவிடலாகாது. ஹோட்டன் சமவெளியிலிருந்து கிரிகல்பொத்தை என்னும் சிகரத்துக்குச் செல்லும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டின் இரண்டாவது உயர்ந்த சிகரம் அது. போக ஏழு கிலோமீற்றர் அளவு, வரவும் அவ்வளவே. சமவெளியே இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் இருப்பதால் ஏறும் உயரம் சொற்பம். நெயிஸ்மித்தின் கணக்குப்படி நான்கு மணித்தியாலத்தில் முடித்துவிடலாம். ஆனால் சேறும், வேரும், தலையை இடிக்கும் கிளைகளும், ஏறி இறங்கி மீண்டும் ஏறும் மேடுபள்ளங்களும் அந்தக் கணக்கைப் பொய்யாக்கிவிடும். முழுப் பகலும் அதற்கே என்று வைத்துக்கொள்வதே முறை.

பகல் என்றேன். நம் நாடு பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால் கோடையென்றும் மாரியென்றும் பகலின் அளவு பெரிதாக மாறுவதில்லை. ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணித்தியாலத்தை ஒட்டியே இருக்கிறது. மாலை ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையில் ஞாயிறு மறைந்தால், அந்தியொளி அரைமணி நேரமும் நிலைப்பதில்லை. காட்டு மரங்களின் கீழ் இருள் அதற்கு முன்னரே வந்துவிடும். ஆகவே புறப்படும்போதே திரும்பும் நேரத்தை முடிவு செய்து, கூட்டத்தார் அனைவர்க்கும் சொல்லிவிடுதல் வேண்டும். "பிற்பகல் ஒரு மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்புவோம்" என்பது போன்ற தெளிவான முடிவு. உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த முடிவு மாறலாகாது.

சொல்லுவது எளிது. சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவர் சிலரை கிரிகல்பொத்தைக்கு அழைத்துச் சென்றோம். முதல்நாள் மழையினால் பாதை சேறாகிக் கிடந்தது. குறித்த நேரம் வந்தபோது சிகரத்தை அடைய இன்னும் முக்கால் மணி நடை இருந்தது. மூடுபனியும் இறங்கியிருந்தது. திரும்புவோம் என்றேன். பிள்ளைகள் மறுத்துப் பேசவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அரைமணி கழிந்ததும் பனி முற்றாக விலகிச் சிகரம் வெயிலிலே பளிச்சென்று நின்றது. ஒரு மாணவன் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தான். அந்தப் பார்வையை இன்றும் மறக்கவில்லை. ஆயினும் நாங்கள் பூங்காவின் அலுவலகத்தை வந்தடைந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மேலும் ஒன்றரை மணித்தியாலம் செலவழித்திருந்தால் இருபத்திரண்டு பிள்ளைகளை இருட்டிலே அந்தச் சேற்றில் நடத்திவந்திருக்க வேண்டும். பனி விலகியதா இல்லையா என்பது இதில் ஒரு பொருட்டன்று. பிறர் பெற்ற பிள்ளைகளோடு மலைக்குச் செல்பவர் கையில் உள்ள மணிக்கூட்டைத்தான் நம்ப வேண்டும்.

பருவத்தை அறிதலும் நேரத்தை அறிதல் போன்றதே. சிவனொளிபாத யாத்திரைக் காலம் மார்கழியையொட்டிய பூரணையிலே தொடங்கி வெசாக் பூரணையோடு முடிகிறது. அதன்பின் தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவைத் தாக்கும். படிகள் அருவியாகும், விளக்குகளும் தேநீர்க்கடைகளும் இரா. அப்படியானால் மார்கழியும் தையும் எல்லா மலைக்கும் ஏற்றவை போலும் என்று கருதினால் அதுவும் தவறு. நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குப் புறத்துக்கு மழை கொணர்வது அந்த மாதங்களில் வீசும் வடகீழ்ப் பருவக்காற்று. பங்குனி, சித்திரையிலோ காலை தெளிவாக இருந்து பிற்பகலில் இடியும் மின்னலும் எழும். அவ்வேளையில் திறந்த முகட்டில் நிற்பது ஆபத்து. காலையில் முந்திப் புறப்படுவதன் பயன் இதுவே.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயிரம் மீற்றர் உயரும்போது வெப்பநிலை ஆறு அல்லது ஏழு பாகை குறைகிறது. கொழும்பிலே இரவு இருபத்தைந்து பாகையானால் சிவனொளிபாத உச்சியில் பத்துப் பாகையளவே இருக்கும். வியர்வையில் நனைந்த சட்டையோடு காற்றில் நின்றால் அது இன்னும் குறைந்ததாக உடலுக்குத் தோன்றும். பருத்திச் சட்டை நனைந்தால் எளிதில் உலராது. ஆகையால் மாற்றுச் சட்டை ஒன்றும், கம்பளி மேலாடை ஒன்றும் நனையாதபடி பொதியில் இருத்தல் அவசியம். உயர் மலைகளில் உண்டாகும் மூச்சுத் திணறல் நோய்க்கு நம் மலைகளில் அஞ்சவேண்டியதில்லை; அது பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலே தங்குபவர்க்கே வருவது. நம்மவர்க்கு மூச்சு வாங்குவது உயரத்தால் அன்று, பழக்கமின்மையால்.

பழக்கத்துக்கு எங்கே போவது என்று என்னைப் போன்ற வடபுலத்தவர் கேட்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏறுவதற்கு ஒரு மேடும் இல்லை. கீரிமலையில் மலை பெயரில் மட்டுமே உண்டு. மாடிப்படிகள் இருக்கின்றனவே, அவை போதும். இரண்டு மாதங்களுக்கு முன்னரே தொடங்கி, வாரம் மூன்று நாள் அரைமணி நேரம் படியேறி இறங்குங்கள். இறங்குவதை ஓய்வு என்று கருதிவிடாதீர்கள். ஏறும்போது தொடைத் தசைகள் சுருங்கி வேலை செய்கின்றன. இறங்கும்போது அதே தசைகள் உடலின் பாரத்தைத் தாங்கியபடியே நீள்கின்றன. பழகாத தசையின் நுண்ணிய இழைகள் இதனாலேயே நோகின்றன. மலையிலிருந்து வந்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கதிரையில் உட்காரவும் எழவும் படும் பாடு இதன் விளைவே. படியிறங்கிப் பழகியவர்க்கு இந்நோவு வெகுவாகக் குறையும். புதுச் சப்பாத்தை மலைக்கென்று வாங்கி அன்றே அணிவது கூடாது. பெருவிரல் நகத்தை முன்கூட்டியே வெட்டிக்கொள்ளுங்கள். இறக்கத்திலே சப்பாத்தின் முனையில் நகம் இடித்துக் கறுத்துப்போவது உண்டு.

நடக்கும்போது வேகத்துக்கு நல்ல அளவுகோல் பேச்சு. ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிகிறதா? முடியாவிட்டால் வேகம் மிகுதி. முதல் அரைமணி நேரம் மிக மெதுவாக நடப்பவர்களே கடைசி அரைமணி நேரத்திலும் நடக்கிறார்கள். முதிய பெண்கள் சிலர் கோலூன்றி, பத்துப் படிக்கு ஒரு மூச்சு நின்று, பேரப்பிள்ளைகளுக்கு முன்னரே உச்சியில் இருப்பதைக் கண்டிருக்கிறேன். கூட்டமாகச் செல்லும்போது வேகம் குறைந்தவரை முன்னே விடுங்கள். நம்பிக்கையான ஒருவர் கடைசியில் வரட்டும். பசிக்குமுன் சிறிது சிறிதாக உண்ணுங்கள்: கச்சான், பேரீச்சம்பழம், கித்துள் கருப்பட்டி ஆகியவை பாரமின்றிப் பயன் தருபவை. தண்ணீர் இரண்டு மூன்று லீற்றர் வேண்டும். வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால் வெறும் தண்ணீரையே அளவின்றிக் குடித்தலும் தீங்கு. உப்பும் சீனியும் இட்ட தேசிக்காய்ச் சாறு நம் வீட்டிலேயே உள்ள மருந்து.

அட்டையை மறந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். பதூதாவும் அதை மறக்கவில்லை. மரத்திலும் புல்லிலும் இருந்து மனிதர்மேல் தாவும் அட்டைகளுக்கு அந்நாட்டார் தேசிக்காயைப் பிழிந்து விட்டனர் என்றும், கடித்த இடத்தை மரக்கத்தியால் வழித்தனர் என்றும் எழுதினார். இக்காலத்து மருத்துவர் விரும்புவது அந்த இரண்டாவது முறையையே. உப்பிட்டாலோ சுட்டாலோ அட்டை தன் வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளே கக்கக்கூடும். ஆகவே நகத்தை அதன் வாயருகே நுழைத்து மெல்ல வழித்து எடுத்துக் காயத்தைக் கழுவுவது நன்று. குருதி சிறிது நேரம் நில்லாமல் வடியும், அஞ்சவேண்டியதில்லை.

வழி தவறினால் என்ன செய்வது? நிற்பதே முதற் செயல். ஓடையைப் பின்பற்றி இறங்கினால் ஊரை அடையலாம் என்றொரு எண்ணம் மக்களிடையே உண்டு. நம் மலைநாட்டிலே அது உயிருக்கு உலைவைக்கும் எண்ணம். இங்கே ஓடைகள் பாறை விளிம்புகளில் அருவியாக விழுபவை. நாட்டின் மிக உயர்ந்த பம்பரகந்தை நீர்வீழ்ச்சி 263 மீற்றர் செங்குத்தாக விழுகிறது. வந்த வழி தெரிந்தால் திரும்புங்கள். தெரியாவிட்டால் நின்ற இடத்திலேயே இருந்து, நிமிடத்துக்கு ஆறுமுறை ஊதல் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுங்கள். மலையேறிகளிடையே உலகெங்கும் வழங்கும் அபாயக் குறி இது. மூன்றுமுறை ஊதுவது அதற்கு மறுமொழி. கைத்தொலைபேசியை மட்டும் நம்பி ஊதலை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்கள், பள்ளத்தாக்குகளில் அலைவரிசை கிட்டாது என்பதை அறியவேண்டும். மின்சூள் ஒன்றும், அதற்கு மாற்று மின்கலமும், பகற்பயணமாயினும் பொதியில் இருக்கட்டும்.

புதிதாகத் தொடங்க விரும்புவோர் ஹோட்டன் சமவெளியில் உலகமுடிவைச் சுற்றிவரும் ஒன்பது கிலோமீற்றர்ப் பாதையில் முதலில் நடந்து பார்க்கலாம். காலை ஆறு மணிக்கே அங்கு இருங்கள். ஒன்பது, பத்து மணியானால் பள்ளத்தாக்கிலிருந்து பனி எழுந்து காட்சியை மறைத்துவிடும். பொலித்தீன் உறைகளைப் பூங்கா வாயிலிலேயே கழற்றி வாங்கிவிடுவார்கள். முதல்நாள் இரவே கட்டுச்சோற்றை வாழையிலையில் பொதிந்து துணியில் முடிந்துகொள்வது நல்லது.