வெட்டு மேசை – 9: மெதுவாகச் சொருகினால் மெதுவாகத்தான் ஓடும்

பிட்ரேட்டை எட்டால் வகுக்கும் கணக்கைப் போன வாரமே போட்டுவிட்டோம். 4கே படம், விநாடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 மெகாபைட், மணிக்கு 45 ஜிகாபைட். அந்த எண்களோடு மேலே போவோம்.

தெல்தோட்டையில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, ஒரு கெமராவோட ஃபைல் மட்டும்னா நல்லா ஓடுது. மூணு கெமராவையும் டைம்லைன்ல அடுக்குனா நின்னு நின்னு போகுது. லெப்டொப்ப மாத்தணுமா?"

மாற்ற வேண்டாம் தம்பி. முதலில் ஹார்ட் டிஸ்க்கை எந்தப் போர்ட்டில் சொருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். 2000ஆம் ஆண்டில் வந்த யூ.எஸ்.பி. 2.0வுக்கு ஏட்டில் உள்ள வேகம் விநாடிக்கு 480 மெகாபிட். எட்டால் வகுத்தால் 60 மெகாபைட். கைக்கு வந்து சேர்வதோ 35, மிஞ்சினால் 40. ஒரு கெமராவுக்கு 12.5 போதும். இரண்டுக்கு 25. மூன்றாவதைச் சேர்த்ததும் 37.5. சரியாக அந்த இடத்தில்தான் உங்கள் படம் முட்டி நிற்கிறது.

கல்யாணமாவது சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் ஆடும் காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி இரவு, விடிய விடிய, தப்பு ஓயாமல். ஒரு கெமரா ரதி மதன் மேல், ஒன்று தப்படிப்பவர்கள் மேல், ஒன்று கூட்டத்தின் மேல். எட்டு மணி நேரத்துக்கு 1,080 ஜிகாபைட். ஒரு டெராபைட் டிஸ்க் போதாது. இதைப் பழைய போர்ட் வழியாக நகலெடுத்தால் எட்டரை மணி நேரம், கூத்து ஆடிய நேரத்தைவிட அதிகம். அதே டிஸ்க்கை யூ.எஸ்.பி. 3.0 போர்ட்டில் சொருகினால் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இந்தக் கூத்துகளைப் பதிவு செய்துவைப்பது அவசர வேலை என்று நினைப்பவன் நான். அதனால்தான் இந்த வயர்க் கணக்கில் இவ்வளவு பிடிவாதம்.

2008இல் வந்த யூ.எஸ்.பி. 3.0 விநாடிக்கு 5 ஜிகாபிட். எட்டு பிட்டைப் பத்தாக்கி அனுப்பும் முறை என்பதால் உச்ச வரம்பு 500 மெகாபைட். நடைமுறையில் 400 கிடைக்கும். சுழலும் தட்டுள்ள சிறிய டிஸ்க் தருவதே 100, 130தான். ஆகவே அந்த டிஸ்க்குக்காக 10 ஜிகாபிட் போர்ட் தேடிக் காசு செலவழிப்பது வீண். மிச்சம் பிடித்து எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். மூன்று ஃபைலுக்கும் இடையே முள் ஓடித் திரிய வேண்டிய வேலையே அதில் இல்லை.

இனி, இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருந்த விஷயம். யூ.எஸ்.பி. 3.0 டிஸ்க், 3.0 வயர், 3.0 போர்ட், எல்லாம் சரியாக இருந்தும் 35 மெகாபைட்டிலேயே நகலெடுக்கும் டிஸ்க்கைப் பார்த்திருக்கிறீர்களா? பழுது என்று கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். கழற்றிவிட்டு, தயங்காமல் ஒரே அழுத்தாக மறுபடி சொருகிப் பாருங்கள்.

நீல நாக்குள்ள அந்தச் செவ்வக முனைக்குள் ஒன்பது தொடுமுனைகள். நான்கு பழையவை, 1996இல் வந்த முதல் யூ.எஸ்.பி.யிலும் இருந்தவை. அவற்றிலும் மின்சாரத்துக்கான இரண்டு தகடுகள் சற்று நீளம். தகவல் வருவதற்கு முன் மின்சாரம் வந்துவிட வேண்டும் என்பதற்காக. புதிய ஐந்தும் தனி வரிசை. முனை முழுதாக உள்ளே போனால்தான் அவை தொடும். பழைய போர்ட்டிலும் அதே முனை வேலை செய்ய வேண்டும் என்று வடிவமைத்தவர்கள் முடிவெடுத்ததால் வந்த ஏற்பாடு இது. அதனால், மெல்ல மெல்லச் சொருகும்போது முதலில் மின்சாரம், பிறகு பழைய தகவல் தகடுகள். "ஒரு டிஸ்க் வந்திருக்கிறது, 2.0 வகை" என்று லெப்டொப் பதிந்துகொண்டுவிடும். ஐந்து தகடுகளும் பின்னால் வந்து தொட்டாலும் சில நேரம் அந்தப் பதிவு மாறாது. பொருளுக்கு நோகாமல் பதமாகச் சொருகுபவருக்கு மெதுவான வேகம், சட்டென்று அழுத்துபவருக்கு முழு வேகம்! எவ்வளவு அழகான விளைவு. நகல் வேகம் 40ஐத் தாண்டவில்லை என்றால் முதலில் இதைத்தான் செய்து பார்க்க வேண்டும்.

மின்சாரம் என்றதும் 2022 மார்ச் கடைசி நினைவுக்கு வருகிறது. இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. லெப்டொப்பில் பெட்டரி இருந்தும், சுவரில் அடப்டர் மாட்டிய பெரிய 3.5 அங்குல டிஸ்க் அந்தக் கணமே அணைந்துவிடும், எழுதிக்கொண்டிருந்த ஃபைலோடு. 2.5 அங்குல டிஸ்க்குக்குப் போர்ட்டே உணவு. 2.0 போர்ட் தருவது 500 மில்லிஅம்பியர், 3.0 தருவது 900. பழைய சிறிய டிஸ்க் சிலவற்றுக்கு இரட்டைத் தலை வயர் கொடுத்தது இந்தப் பற்றாக்குறையால்தான். நம் ஊரில் லெப்டொப்பில் எடிட் செய்பவர் வேகத்துக்கு முன் இதைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்: வேலை நடக்கும் டிஸ்க் போர்ட்டிலிருந்தே மின்சாரம் எடுப்பதாக இருக்கட்டும், பெரியது சேமிப்புக்கு மட்டும்.

இன்னொன்று. டிஸ்க் ஓடும்போது வயர் இல்லாத மவுஸ் தடுமாறினால் மவுஸைக் குறை சொல்லாதீர்கள். யூ.எஸ்.பி. 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையில் புகுவதை இன்டெல்லே 2012இல் எழுதி வெளியிட்டது. மவுஸின் குமிழை மறுபக்கப் போர்ட்டுக்கு மாற்றினால் போதும்.

டைப்-சி பற்றி இப்போதைக்கு ஒரே எச்சரிக்கை. போன் சார்ஜரோடு வந்த வயரை எஸ்.எஸ்.டி.க்கு மாட்டாதீர்கள். முனை ஒன்றேயானாலும், அத்தகைய வயர் பலவற்றில் தகவலுக்கு உள்ளவை பழைய 2.0 கம்பிகள் மட்டுமே. டிஸ்க்கின் பெட்டியில் வந்த வயரைத் தொலைக்காமல் வையுங்கள்.

தண்டர்போல்ட்டுக்கு ஒதுக்கிய இடத்தை ஒன்பது தகடுகள் எடுத்துக்கொண்டன. அது அடுத்த வாரம். அதற்கு முன் ஃபயர்வயரைச் சொல்லியாக வேண்டும்; ஒரு மணி நேர மினி டிவி நாடாவை இறக்க ஒரு மணி நேரம் காத்திருந்த தலைமுறை ஸ்டூடியோக்காரர்கள் அந்த வயரை மறந்திருக்க மாட்டார்கள். அதுவரை, உங்கள் லெப்டொப்பின் இரு பக்கப் போர்ட்டுகளையும் போனில் படம் பிடித்து வையுங்கள். பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா, எஸ்.எஸ். என்று எழுதியிருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று பார்த்துக்கொண்டுதான் அடுத்த பகுதியைப் படிக்க முடியும்.