பிரவுசிங் சென்டரில் ஆதார் டவுன்லோடு செய்றீங்களா? ‘இன்காக்னிட்டோ’ போட்டா மட்டும் போதாது!

தாம்பரம், இரும்புலியூர், பெருங்களத்தூர் என ஜிஎஸ்டி சாலையையொட்டிய பகுதிகளில் வேலைக்கு விண்ணப்பிக்கவும், சொத்து வரி கட்டவும், ஆதார் பிரிண்ட் எடுக்கவும் பிரவுசிங் சென்டருக்குச் செல்பவர்கள் இன்றும் உண்டு. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் குரோமில் ‘இன்காக்னிட்டோ’ விண்டோவைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடுவார்கள். இனி எந்தத் தடயமும் இருக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. அது உண்மையா?

இன்காக்னிட்டோ எதை மறைக்கும்?

விண்டோவை மூடியதும் நீங்கள் பார்த்த தளங்களின் ஹிஸ்டரியும் குக்கீஸும் அந்தக் கணினியில் இருக்காது. குக்கீ என்பது உங்களை அடையாளம் காண இணையதளம் பிரவுசரில் வைக்கும் சின்ன டோக்கன் மாதிரி. விண்டோவை மூடினால் லாகின் தானாக அழிந்துவிடும். அடுத்து வந்து உட்காருபவர் உங்கள் மெயிலைத் திறக்க முடியாது. அந்த அளவுக்கு இது உதவும்.

எதை மறைக்காது?

நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது இணைய சேவை நிறுவனத்துக்குத் தெரியும். அந்தத் தளமும் உங்கள் வருகையைப் பதிவு செய்யலாம். இதை மையமாக வைத்துத்தான் 2020-ல் அமெரிக்காவில் கூகுள் மீது வழக்கு தொடரப்பட்டது. இன்காக்னிட்டோ பயன்படுத்தியவர்களின் கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024-ல் கூகுள் ஒப்புக்கொண்டது.

அதைவிட முக்கியமான விஷயம் டவுன்லோடு. இன்காக்னிட்டோவை மூடினாலும், டவுன்லோடு செய்த ஆதார் பிடிஎஃப் அந்தக் கணினியிலேயே இருக்கும். அதற்கு பாஸ்வேர்டு இருக்கே என நினைக்கலாம். பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் அந்த பாஸ்வேர்டு. உங்கள் விண்ணப்பப் படிவம் பக்கத்திலேயே கிடந்தால், அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அதனால்தான், பொதுக் கணினிகளில் இ-ஆதார் டவுன்லோடு செய்வதைத் தவிர்க்கவும், செய்தால் எல்லா பிரதிகளையும் நிரந்தரமாக அழிக்கவும் ஆதார் ஆணையம் அறிவுறுத்துகிறது.

வேறு பிரவுசர் பயன்படுத்தலாமா?

இரும்புலியூரிலிருந்து அதே ஜிஎஸ்டி சாலையில் தெற்கே போனால், கூடுவாஞ்சேரி அருகே ஜோஹோ நிறுவனத்தின் வளாகம் வரும். அந்நிறுவனம் 2023-ல் ‘உலா’ என்ற பிரவுசரை அறிமுகப்படுத்தியது. மத்திய அரசு நடத்திய இந்திய பிரவுசர் உருவாக்கப் போட்டியில் 2025-ல் முதல் பரிசாக ரூ.1 கோடி வென்றதும் இதுதான். விளம்பரங்களையும், நம்மைப் பின்தொடரும் டிராக்கர்களையும் தடுப்பது இதன் சிறப்பு. ஆனால், டவுன்லோடு ஃபோல்டரில் விட்டுவந்த ஃபைலை எந்த பிரவுசரும் காப்பாற்றாது.

சென்டரை விட்டுக் கிளம்பும் முன்...

* டவுன்லோடு ஃபோல்டரில் உங்கள் ஃபைலைத் தேர்வு செய்து, ஷிஃப்ட் கீயுடன் டெலிட் கீயை அழுத்துங்கள். வெறும் டெலிட் என்றால் ரீசைக்கிள் பின்னில் இருக்கும்.
* ‘பாஸ்வேர்டைச் சேமிக்கவா?’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ கொடுங்கள்.
* வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், உங்கள் போனில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதிக்குப் போய் லாக் அவுட் செய்யுங்கள்.
* முழு எண் அவசியமில்லாத இடங்களில் ‘மாஸ்க்டு ஆதார்’ போதும். அதில் கடைசி 4 இலக்கங்கள் மட்டுமே தெரியும்.
* பேங்க் வேலையைச் சொந்த போனிலேயே முடித்துவிடுங்கள். டைப் செய்வதைப் பதிவு செய்யும் மென்பொருள் அந்தக் கணினியில் இருந்தால் இன்காக்னிட்டோவால் பயனில்லை.

பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.