குருதிக் கொடையும் பால்குடி உறவும்

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. விபத்தில் காயமுற்ற ஓர் இளம்பெண்ணுக்கு உடனடியாகக் குருதி தேவைப்பட்டது. அவளுக்கு மணம் பேசி முடித்திருந்த இளைஞரின் இரத்தம் பொருந்தியது. ஆயினும் வீட்டுப் பெரியவர்கள் குறுக்கிட்டனர். 'இவன் இரத்தம் அவள் உடம்பில் ஓடினால் இருவரும் உடன்பிறந்தாராகிவிட மாட்டார்களா? பிறகு நிகாஹ் செல்லுமா?' என்று கேட்டனர். இளைஞர் என்னிடம் தொலைபேசியில் வினவினார். 'கிதாபைப் பார்த்துச் சொல்கிறேன்' என்றேன். நான் விடை கண்டு அழைப்பதற்குள் முன்பின் அறியாத ஒருவர் குருதி அளித்துவிட்டிருந்தார். பெண் பிழைத்தாள், அல்ஹம்துலில்லாஹ். எனது தாமதம் மட்டும் இன்றளவும் என்னை உறுத்துகிறது.

இவ்வச்சத்தின் வேர் எது? ஒரே தாயிடம் பாலருந்திய அயலார் குழந்தைகள் தம்முள் மணமுடிக்கலாகாது என்பதை நம் சமுதாயத்தில் யாவரும் அறிவர். பாலே உறவாகுமெனில் உதிரம் உறவாகாதா என்று எளிய உள்ளம் ஒப்பிடுவது இயல்பே. 'இரத்த உறவு', 'இரத்த பாசம்' என்னும் தமிழ் வழக்குகளும் அவ்வெண்ணத்துக்கு வலுவூட்டுகின்றன.

ஆனால் பால்குடி உறவுக்கு வரம்புகள் உண்டு. பாலருந்தும் வயது 2 ஆண்டுகள் என்பது பெரும்பான்மை அறிஞர் கருத்து. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் அது 30 மாதங்கள். ஷாஃபிஈ மத்ஹபில் 5 தடவைகள் அருந்தியிருத்தலும் வேண்டும். அவ்வயதைக் கடந்தவர் பாலையே பருகினாலும் உறவு உண்டாகாதெனில், வளர்ந்தவருக்கு ஏற்றப்படும் குருதியால் எவ்வாறு உண்டாகும்? பாலூட்டலுக்கென ஷரீஅத் விதித்த சட்டத்தை வேறொன்றுக்கு நீட்டுதல் தகாது. ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹுப் பேரவை 1989இல் இதனையே தீர்மானமாக வெளியிட்டது.

மற்றொரு தயக்கம், இரத்தம் நஜீஸ் என்பது. இரத்தத்தை உண்பது ஹராம் எனத் திருக்குர்ஆன் (5:3) விலக்கியுள்ளது உண்மையே. ஆனால் நிர்ப்பந்த நிலைக்கு அதே வசனம் சலுகையும் தருகிறது. முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) தமது மஆரிஃபுல் குர்ஆனில் குருதியைத் தாய்ப்பாலுடன் ஒப்பிடுகிறார். இரண்டும் மனித உடலின் பகுதிகள்; உறுப்பை வெட்டாமலே வெளிவருபவை. எனவே மருத்துவத் தேவைக்காகக் குருதியை ஏற்றலாம் என்பது அவர் முடிவு. பாமரர் உறவாக்கிய அதே ஒப்பீடு, அறிஞரிடம் உயிர் காக்கும் அனுமதியாயிற்று என்பது எண்ணத்தக்கது.

இரத்தம் கொடுத்தால் உடல் தளர்ந்துவிடும் என்பாரும் உளர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜாமா எனும் குருதி எடுக்கும் சிகிச்சையைச் செய்துகொண்டதை ஸஹீஹுல் புகாரி அறிவிக்கிறது. அதனை ஸுன்னத்தெனப் போற்றுவோர், பிறருக்காகக் குருதி எடுப்பதற்கு அஞ்சுவது ஏன்? வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி உண்டு. கொடையாகப் பெறுவது 350 அல்லது 450 மில்லிலிட்டர் மட்டுமே. நீர்ப்பகுதி ஓரிரு நாளிலும், சிவப்பணுக்கள் சில வாரங்களிலும் ஈடாகிவிடும். கொடையாளர் தகுதியுடையவரா என்பதை மருத்துவர் முன்னரே சோதித்தறிவர்.

இரத்தத்தின் விலையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். இந்திய உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பையொட்டி, 1998 ஜனவரி முதல் இந்நாட்டில் பணத்துக்குக் குருதி கொடுப்போரிடம் பெறுவது ஒழிக்கப்பட்டது. விற்பார் இல்லாதபோது, மனமுவந்து கொடுப்பாரே நோயாளிக்குப் புகல். உற்றாரும் தயங்கினால் அவர் எங்கே செல்வார்?

இன்று தமிழகத்தில் முஸ்லிம் அமைப்புகள் பல குருதிக்கொடை முகாம்கள் நடத்துகின்றன. இளைஞர் முன்வருகின்றனர், இல்லத்துப் பெரியவரின் ஐயமோ சில வீடுகளில் இன்னும் எஞ்சியிருக்கிறது. அதைத் தீர்ப்பது ஆலிம்களின் கடமை. ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போன்றவர் என்னும் கருத்தைத் திருக்குர்ஆன் (5:32) உணர்த்துகிறது. ஆகவே, இதற்கான விடையை மிம்பரிலிருந்து முன்கூட்டியே சொல்லி வைப்போம். மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரும்போது கிதாபைத் தேட நேரமிராது.