சிறுகோள்களை நோக்கி ஒரு வழித்தடம்

விண்வெளியில் தூரம் பெரிய செலவல்ல. உராய்வு இல்லாததால் ஒருமுறை தள்ளிவிட்ட கலம் போய்க்கொண்டே இருக்கும். வேகத்தையோ திசையையோ மாற்றும்போதுதான் எரிபொருள் கரைகிறது. ஆகவே ஒரே கலத்தைப் பல சிறுகோள்களுக்கு அனுப்பத் திட்டமிடுபவர்கள், வழியெங்கும் தேவைப்படும் வேக மாற்றங்களைக் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகையைக் குறைக்கவே மல்லுக்கட்டுகிறார்கள்.

1,000 சிறுகோள்களில் ஐந்தைத் தேர்ந்து வரிசைப்படுத்த ஏறக்குறைய 1,000 லட்சம் கோடி வழிகள் உண்டு. போதாக்குறைக்கு, எல்லாமே சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வழியையும் நுணுக்கமாகக் கணக்கிடக் கணினிக்கும் கட்டுப்படியாகாது. ஒத்துவராதவற்றை முதலிலேயே கழித்துவிட்டு, மிஞ்சும் சிலவற்றைத்தான் செதுக்குவார்கள்.

2021 அக்டோபர் 16 அன்று நாசா ஏவிய லூசியின் பாதை அப்படிச் செதுக்கப்பட்டதுதான். வியாழனின் சுற்றுப்பாதையில் அதற்கு முன்னே ஒரு கூட்டமும் பின்னே ஒரு கூட்டமுமாக ட்ரோஜன் சிறுகோள்கள் செல்கின்றன. 2022, 2024 ஆண்டுகளில் பூமியை ஒட்டிப் பறந்து, அதன் ஈர்ப்பால் எரிபொருள் செலவின்றி வேகம் பெற்ற லூசி, 2027, 2028 ஆண்டுகளில் முன்கூட்டத்தின் யூரிபேட்டிஸ், பாலிமெலி, லூகஸ், ஓரஸ் ஆகியவற்றைக் கடக்கும். 2030இல் பூமிப் பக்கம் திரும்பும். என் பார்வையில் இந்தத் திட்டத்தின் அழகு அதற்கடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது. லூசி ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய ஆறு ஆண்டுகள், வியாழனுக்கோ பன்னிரண்டு. லூசி மறுபடியும் அதே திசையில் வெளியே போய்ச் சேரும்போது, முன்கூட்டம் இருந்த பக்கத்துக்குப் பின்கூட்டம் வந்திருக்கும். 2033இல் பெட்ரோக்லஸ் இணையை அங்கே சந்திக்கும்.

இதில் ஓர் இழப்பும் உண்டு. லூசி எங்கும் நிற்காது. ஒவ்வொன்றையும் விரைந்து கடந்துவிடும். வெஸ்டாவையும் பிறகு சீரீஸையும் நின்று சுற்றிவந்த டான் கலத்துக்கு அயனி எந்திரம் வேண்டியிருந்தது. கிடைத்தவை அந்த இரண்டு இடங்கள் மட்டுமே.

பாதை உறுதியான பிறகும் தேடல் ஓயவில்லை. எப்படியும் லூசி 64,000 கிலோமீட்டருக்குள் கடக்கவிருந்த டிங்கினேஷ் என்ற குட்டிச் சிறுகோள் 2023 ஜனவரியில் பட்டியலில் சேர்ந்தது. மே 9 அன்று எந்திரத்தை இயக்கி, நொடிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருந்த கலத்தின் வேகத்தில் வெறும் 3.4 மீட்டர் மாற்றினார்கள். அந்தச் சிறு விலகல் ஆறு மாதம் வளர்ந்து வளர்ந்து, நவம்பர் 1 அன்று லூசியை டிங்கினேஷுக்கு 430 கிலோமீட்டர் அருகே கொண்டுபோனது. படங்களில் டிங்கினேஷுக்கு ஒரு துணைக்கோள் இருப்பது தெரிந்தது; அதுவும் இரண்டு பாறைகள் ஒன்றையொன்று தொட்டு ஒட்டியிருக்கும் துணைக்கோள். ஒரு சிறுகோளை அப்படிப்பட்ட ஒட்டு இரட்டை சுற்றிவருவதை மனிதர்கள் கண்டது அதுவே முதல்முறை.